உடுப்புப் போட்ட பாடம்

இதில் ஒரு சொல் பொய்யாக இருந்தாலும் நாளைக் காலை என் வாயில் வெற்றிலை சிவக்காமல் போகட்டும். நடந்ததை நடந்தபடி சொல்கிறேன். கூட்டவும் இல்லை, குறைக்கவும் இல்லை. சந்தேகப்படுகிறவர்கள் அந்தப் பள்ளிக்கூடத்து வருகைப் பதிவேட்டைப் புரட்டிப் பார்த்துக்கொள்ளலாம். அது அரசாங்கத்துக் காகிதம். என்னைவிட யோக்கியமானது.

விளாங்குடியைத் தாண்டிக் கண்மாய்க் கரையில் இருக்கும் அந்தத் தொடக்கப் பள்ளியின் தலைமையாசிரியர் அழகுபாண்டி, கல்வி ஆபீசிலிருந்து வந்த படச்சுருளைப் பிரித்தார். பார்த்தார். உடனே சுருட்டினார். ஒரு சொம்புத் தண்ணீர் குடித்தார். கதவைச் சாத்திவிட்டு மறுபடி பிரித்தார்.

படம் மாறவில்லை.

ஒரு பையனும் ஒரு சிறுமியும் உள்ளாடை போட்டுக்கொண்டு நாகரிகமாகத்தான் நின்றார்கள். வில்லங்கம் அம்புக்குறியில் இருந்தது. கண், மூக்கு, காது என்று பெயர் எழுதிக்கொண்டே இறங்கிய அம்புக்குறிகள், அழகுபாண்டி ஐம்பத்தேழு வருஷமாகக் கூடவே வைத்துக்கொண்டு ஒருநாளும் பெயர் சொல்லிக் கூப்பிட்டிராத இடங்களுக்கும் போயிருந்தன. கீழே மூன்று வாக்கியம்: 'என் உடம்பு எனக்குச் சொந்தம். பிடிக்காத விதமாக யார் தொட்டாலும் வேண்டாம் என்று சொல்வேன். நான் நம்பும் பெரியவரிடம் போய்ச் சொல்வேன்.'

கூடவே ஒரு சுற்றறிக்கை. மூன்று, நான்கு, ஐந்தாம் வகுப்புகளுக்கு அடுத்த வியாழனுக்குள் பாடம் நடத்த வேண்டும். நடத்தியதைப் படம் எடுத்து ஆப்பில் ஏற்ற வேண்டும்.

பள்ளியின் இன்னோர் ஆசிரியை கனகலட்சுமி எட்டிப் பார்த்தார். "நான் எடுக்குறேன் சார். இருபது நிமிச வேலை. மூக்குன்னு சொல்ற மாதிரியே மத்ததையும் சொல்லிட்டுப் போயிட வேண்டியதுதான்."

"நீங்க சொல்றத நான் பக்கத்து ரூம்ல உக்காந்து கேக்கணுமா டீச்சர்? நடுவுல சுவரா இருக்கு? தட்டிதானே இருக்கு."

"போன வருசம் அஞ்சாப்புல ஒரு பிள்ளை என்கிட்ட என்னமோ சொல்ல வந்துச்சு சார். மூணு நாள் வந்து வந்து நின்னுச்சு. அதுக்குச் சொல்ல வார்த்தை இல்ல. எனக்கும் கேக்க வார்த்தை வரல. அப்புறம் ஊரை விட்டே போயிட்டாங்க."

அழகுபாண்டி படத்தைச் சுருட்டினார். அவர் மனசில் ஓடியது வேறு கணக்கு. பள்ளியின் மொத்தப் பிள்ளைகள் இருபது. இருபதுக்குக் கீழே ஒன்று குறைந்தாலும் பள்ளியைப் பக்கத்து ஊர்ப் பள்ளியோடு சேர்த்துவிடுவோம் என்று ஆபீசில் சொல்லியிருந்தார்கள். ஏற்கெனவே தினமும் காலையில் மஞ்சள் வேன்கள் வந்து தெருத்தெருவாக ஆரன் அடித்துப் பிள்ளை பிடித்துக்கொண்டிருந்தன. அதனால் அழகுபாண்டி பேர் கூப்பிடும்போது வந்த பிள்ளைக்கும் வராத பிள்ளைக்கும் பாரபட்சம் பார்ப்பதில்லை. இருபதுக்கும் டிக். பதினாறு பேர் உட்கார்ந்திருக்கும் வகுப்பில் பதிவேட்டுக்கு மட்டும் இருபது பேர் தெரிவார்கள்.

இந்தப் படத்தைப் பார்த்து நாலு பெற்றோர் டி.சி. கேட்டால் கதை முடிந்தது.

யோசித்தார். படத்தைத் தூக்கிக்கொண்டு எதிர்த்தாப்பில் இருந்த யூனுஸ் தையல் கடைக்குப் போனார்.

"பாய், இதுக்கு உடுப்பு தைக்கணும்."

யூனுஸ் படத்தை விரித்தார். கழுத்தில் கிடந்த டேப்பை எடுத்தார். அவர் முகத்தில் எந்தச் சலனமும் இல்லை. நல்ல தையற்காரர்களுக்கு அது தொழில் ஒழுக்கம். "பையனுக்கு டிரவுசர் சட்டை. பிள்ளைக்கு என்ன சார், பாவாடையா, சுடிதாரா?"

"அம்புக்குறி தெரியாம இருந்தாச் சரி."

"அப்ப சுடிதார். ஷால் போட்டுரலாம். பையனுக்குப் பாக்கெட் வைக்கவா?"

"அவன் எதைப் போடப்போறான் பாக்கெட்ல?"

"இருக்கட்டும் சார். பாக்கெட் இல்லாட்டி சட்டை மாதிரி இருக்காது."

யூனுஸ் வேலையில் குறை வைக்காதவர். இரண்டு நாள் அந்தப் படம் கடை முகப்பில் கிளிப் போட்டுத் தொங்கியது. போகிறவர் வருகிறவர் எல்லாம் நின்றார்கள். "என்ன பாய் இது, பொம்மைக்கெல்லாம் தைக்கிறீங்க?"

"பள்ளிக்கூடத்துப் பாடம். உள்ள இருக்கிறத மறைக்கச் சொல்லியிருக்காரு."

"உள்ள என்ன இருக்கு?"

"அது அமானிதம், நம்பிக் குடுத்தது. சொல்லக் கூடாது."

மூன்றாம் நாள் ஊரில் ரேஷன் கார்டு வைத்திருந்த அத்தனை பேருக்கும் அந்தத் துணிக்கடியில் என்னமோ இருக்கிறது என்பது தெரிந்துபோனது. துணி போடாமல் விட்டிருந்தால் ஒருத்தரும் திரும்பிப் பார்த்திருக்க மாட்டார்கள்.

புகைச்சலை அடக்க அழகுபாண்டி ஒரு சம்மதக் கடிதம் எழுதினார். சங்கடமான சொல் ஒன்றுகூட வராமல் எழுத ஒரு முழு மாலை பிடித்தது.

'அன்புள்ள பெற்றோருக்கு, குறிப்பிட்ட ஒரு விஷயம், குறிப்பிட்ட வகுப்புகளுக்கு, குறிப்பிட்ட வரம்புக்குள் சொல்லித்தரப்படும். சம்மதம் / சம்மதமில்லை. விஷயம் என்னவென்று பிள்ளைகளிடம் கேட்க வேண்டாம்.'

ஏழு பேர் சம்மதமில்லை என்று அனுப்பினார்கள். மூன்று பேர் இரண்டுக்கும் கையெழுத்துப் போட்டிருந்தார்கள். ஒருத்தர் பின்பக்கம் 'ஆதார் நகல் வேணுமா?' என்று கேட்டிருந்தார். யூனுஸின் மனைவி அஜ்மல் பீவி கடிதத்தைக் கையிலேயே பிடித்துக்கொண்டு நேரில் வந்துவிட்டார். அவர்கள் மகள் ஹுமா நான்காம் வகுப்பு.

"பேர் சொல்ல முடியாத பாடம்னா என்னா பாடம் சார்? எங்க வீட்டுக்காரரக் கேட்டா வாயத் தொறக்க மாட்டேங்கிறாரு. நீங்களாவது சொல்லுங்க."

"அதாவதும்மா... பிள்ளைங்களுக்கு... ஒரு இது..."

"எது?"

"பாதுகாப்பு."

"எதுக்குப் பாதுகாப்பு?"

"அதுக்குத்தான்."

அஜ்மல் பீவி கடிதத்தை அவர் மேசையில் வைத்தார். "அல்லாவே" என்று சொல்லிவிட்டுப் போனார். சாயங்காலம் முதல் டி.சி. மனு வந்தது.

கடிதத்தால் கெட்டதைக் கூட்டம் போட்டுச் சரிசெய்யலாம் என்று நினைத்தார். புதன்கிழமை பெற்றோர் கூட்டம். அழகுபாண்டி முக்கால் மணி நேரம் பேசினார். காலம் கெட்டுக்கிடப்பதைப் பற்றிப் பேசினார். செல்போனைப் பற்றிப் பேசினார். வைகையில் தண்ணீர் வராததைப் பற்றியும் பேசினார். பாடத்தின் பக்கம் மட்டும் போகவில்லை. கூட்டம் முடிந்தபோது டி.சி. மனு ஏழாகியிருந்தது.

கடைசி பெஞ்சிலிருந்து ஓர் ஆள் எழுந்து வந்தார். ஆறடி உயரம், முறுக்கு மீசை. நான்காம் வகுப்பு சுபலட்சுமியின் தாய்மாமன் விருமாண்டி, அலங்காநல்லூர்க்காரர். மாட்டுத் திமிலைப் பிடித்தே பிழைத்த உடம்பு.

"வாத்தியாரே, நீங்க பேசுனது ஒண்ணும் வெளங்கல. அது கெடக்கட்டும். வெள்ளிக்கெழம நம்ம மருமகளுக்கு மொட்டையடிச்சுக் காதுகுத்து. குலசாமி கோயில்ல. மச்சானுக்கும் எனக்கும் பேச்சுவார்த்தை இல்லாம ஒம்பது வருசமாத் தள்ளிப்போன விசேசம். புள்ளை இன்னும் ஒட்டுக் கம்மல்தான் போட்டுக்கிட்டுத் திரியுது. ஊரே வரும். கெடா ஏழு. நீங்க கண்டிப்பா வந்துரணும்."

"வாரேன் விருமாண்டி."

"பாடம் கீடம்னு இருந்துறாதீக."

வியாழக்கிழமை வந்தது. அழகுபாண்டி மூன்று வகுப்பையும் ஒரே அறையில் உட்கார வைத்தார். கதவைச் சாத்தினார், ஜன்னலைச் சாத்தினார். வெயிலில் பிள்ளைகளுக்கு வேர்த்து ஊற்றியது. உடுப்புப் போட்ட படத்தை மாட்டினார். சுடிதார் ஷால் மின்விசிறிக் காற்றில் ஆடியது.

"சார், இந்தப் பிள்ளைங்க எந்த ஸ்கூலு?" என்று ஹுமா கேட்டாள்.

அழகுபாண்டி தொண்டையைச் செருமினார். முதல் வாக்கியத்துக்கு வாயைத் திறந்தார். தட்டிக்கு அந்தப் பக்கம் கனகலட்சுமி டீச்சர் வாய்ப்பாட்டை நிறுத்திவிட்டுக் காது கொடுப்பது தெரிந்தது. திறந்த வாயிலிருந்து வந்தது இதுதான்:

"வாரம் ஒரு தடவை நகம் வெட்டணும்."

நாற்பது நிமிஷம் நகம் வெட்டுவது பற்றிச் சொன்னார். கை விரல், கால் விரல், சுண்டு விரலின் தனிப் பிரச்சினை. பிறகு படத்தின் பக்கத்தில் நின்று ஒரு போட்டோ எடுத்தார், ஆப்பில் ஏற்றினார். 'பாடம் நடத்தப்பட்டது. வருகை: அனைவரும்.' சுபலட்சுமி அன்று மதுரை விளக்குத்தூண் ஜவுளிக்கடையில் அம்மா முத்துத்தாயோடு பட்டுப்பாவாடை எடுத்துக்கொண்டிருந்தாள். பதிவேட்டில் அவளுக்கும் டிக் விழுந்தது.

ஒரு மணி நேரத்தில் ஆபீசிலிருந்து செய்தி: 'மிகச் சிறப்பு. உடை அணிவித்த படம் புதுமையான முயற்சி. மற்ற பள்ளிகளுக்கு மாதிரியாக அனுப்பப்படுகிறது.'

அழகுபாண்டிக்கு நெஞ்சு லேசானது. அந்த லேசு வெள்ளிக்கிழமை பதினொன்றரை மணி வரை நீடித்தது.

வெள்ளிக்கிழமை பள்ளிக்கூடத்துப் பிள்ளைகளில் பாதிக்கு மேல் கோயிலில்தான் இருந்தார்கள். ரேடியோ செட் அலறியது. அழகுபாண்டிக்கு முதல் பந்தியிலேயே இடம் கிடைத்தது. இலை போட்டாயிற்று, தண்ணீர் தெளித்தாயிற்று. அங்கே சாமி முன்னால் விருமாண்டி சம்மணம் போட்டு உட்கார, மடியில் சுபலட்சுமி. இடுப்புக்குக் கீழே தொங்கும் முடி. கத்தியை நனைத்துக்கொண்டு நாவிதர் உச்சந்தலையில் கை வைத்தார்.

"வேணாம்" என்றாள் சுபலட்சுமி.

"அட, சும்மா இரு தாயி."

"வேணாம் மாமா. இது என் தல. நான் சொல்லாம யாரும் கைய வைக்கக் கூடாது."

எழுந்து ஓடினாள். மாட்டை அணைத்துப் பழகிய விருமாண்டிக்கு ஒன்பது வயசுப் பிள்ளையை எங்கே பிடிப்பது என்று தெரியவில்லை. பட்டுப்பாவாடையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு, கொட்டுக்காரர்களைத் தாண்டி, கெடாக் குழம்பு அண்டாவைச் சுற்றி, நேராகப் பந்திக்குள் வந்தாள். அழகுபாண்டியின் இலைக்கு முன்னால் நின்றாள்.

"சார், எனக்கு மொட்டை வேணாம் சார்."

ரேடியோ செட்காரன் பாட்டை நிறுத்திவிட்டான். நானூறு பேரும் பந்தியைப் பார்த்தார்கள். அழகுபாண்டி கையில் முதல் கவளம்.

"சாப்பாடு போட்டாச்சும்மா" என்றார் அவர். இதைச் சொல்ல எனக்கே கஷ்டமாக இருக்கிறது. ஆனால் உண்மையைச் சொல்வதாகச் சத்தியம் செய்துவிட்டேன்.

"ஓகோ!" விருமாண்டி மெல்ல எழுந்து வந்தார். "நேத்து நடத்துன பாடம் இதானா வாத்தியாரே? இதுக்குத்தான் கதவச் சாத்துனீகளா?"

அழகுபாண்டி இலையைப் பார்த்தபடி யோசித்தார். பாடம் நடத்தவில்லை என்று சொன்னால் ஆபீசில் பொய்ப் போட்டோ ஏற்றியதற்கு வேலை போகும். நடத்தினேன் என்றால் பள்ளிக்கூடமே போகும். இந்தப் பிள்ளை நேற்று வரவே இல்லை என்று சொல்லலாம். பதிவேட்டில் டிக் இருக்கிறது. தப்பிக்க இருந்த மூன்று வழியையும் அவரே தன் கையால் அடைத்து வைத்திருந்தார்.

"ஆமா" என்றார். "நடத்துனேன்."

வாழ்க்கையில் முதல்தடவையாக, செய்யாத நல்ல காரியத்துக்குப் பொறுப்பேற்றுக்கொண்டார். 

திங்கட்கிழமை காலை பள்ளி வாசலில் மூன்று ஆட்டோ, பதினாலு டூவீலர். விருமாண்டி கையில் டி.சி. மனுக்கள். பழைய ஏழையும் மறுபடி எழுதி வாங்கியதில் எண்ணிக்கை பன்னிரண்டு. முத்துத்தாய் அழுது வீங்கிய கண்ணோடு மகளைப் பிடித்துக்கொண்டு நின்றார். மகள் தலையில் முடி அப்படியே இருந்தது. காதில் ஒட்டுக் கம்மல்.

"ஒம்பது வருசத்துக்கு அப்புறம் என் மடியில உக்காந்த புள்ளை. சாமி முன்னால எந்திரிச்சு ஓடிருச்சு. எங்க மச்சான் சிரிக்கிறாரு. எனக்கு நாயம் வேணும் வாத்தியாரே."

"என்ன செய்யணும் விருமாண்டி, சொல்லுங்க."

"சொல்லிக்குடுத்தத வாபஸ் வாங்குங்க."

"பாடத்த எப்படிப்பா வாபஸ் வாங்குறது?"

"அன்னைக்கு என்னென்ன சொன்னீகளோ, அதையெல்லாம் எங்க முன்னாடி ஒவ்வொண்ணாச் சொல்லி, ஒவ்வொண்ணுக்கும் 'இது தப்பு'ன்னு சொல்லுங்க. நீங்க வாபஸ் வாங்குனா நாங்களும் மனுவ வாபஸ் வாங்குறோம்."

கனகலட்சுமி டீச்சர் அழகுபாண்டியைப் பார்த்தார்.  போன வருஷத்துப் பிள்ளை வந்து வந்து நின்ற அதே வாசற்படியில்தான் அவர் நின்றுகொண்டிருந்தார்.

பிள்ளைகளை உட்கார வைத்தார்கள். சுற்றிலும் பெற்றோர். படம் சுவரில், ஷால் ஒரு பக்கம் நழுவியிருந்தது. அழகுபாண்டி மேசை டிராயரைத் திறந்து சுற்றறிக்கையைத் தேடி எடுத்தார். தான் நடத்திய பாடம் என்னவென்று அவர் அதைப் பார்த்துத்தானே சொல்ல முடியும்?

"என் உடம்பு எனக்குச் சொந்தம்" என்று படித்தார்.

"என் உடம்பு எனக்குச் சொந்தம்!" என்று பிள்ளைகள் மொத்தமாகச் சொன்னார்கள். வாத்தியார் எதைப் படித்தாலும் திருப்பிச் சொல்வது அவர்கள் பழக்கம்.

"தப்புன்னு சொல்லுங்க" என்றார் விருமாண்டி.

அழகுபாண்டி வாயைத் திறந்தார். வரவில்லை. அடுத்ததைப் படித்தார். "பிடிக்காத விதமாக யார் தொட்டாலும் வேண்டாம் என்று சொல்வேன்."

கோரஸ் கூரையில் மோதியது.

"நான் நம்பும் பெரியவரிடம் போய்ச் சொல்வேன்."

இந்த வாக்கியத்தில் அவர் குரல் உடைந்தது. பந்தியில் தன் இலைக்கு முன்னால் மூச்சிரைக்க நின்ற பிள்ளை ஞாபகம் வந்திருக்க வேண்டும். பிள்ளைகள் அதையும் திருப்பிச் சொன்னார்கள்.

அஜ்மல் பீவி எழுந்து சுவருக்குப் போனார். படத்திலிருந்த சுடிதாரைத் தூக்கிப் பார்த்தார். டிரவுசரைத் தூக்கிப் பார்த்தார். அம்புக்குறிகளை ஒவ்வொன்றாக வாசித்தார்.

"இம்புட்டுத்தானா?" என்றார். "இதுக்கா ரெண்டு நாள் தையல்?"

"பாக்கெட் வேற வச்சேன்" என்றார் யூனுஸ் பின்னாலிருந்து.

"சார், இதுல தப்புன்னு சொல்ல என்ன இருக்கு? என் பிள்ளைக்கு நான் சொல்ல நெனச்சு, வாய் வராம நாலு வருசமா முழுங்கிக்கிட்டு இருக்கேன். இத அன்னைக்கே சொல்றதுக்கு என்ன சார்?"

கூட்டம் முனகியது. விருமாண்டி மட்டும் விடவில்லை.

"தப்போ சரியோ, மாமன் மடியில இருந்து எந்திரிச்சு ஓடுன்னு எம் மருமகளுக்குச் சொல்லிக்குடுத்தது யாரு? இந்த வாத்தியார்தானே? தாயி, நீயே சொல்லு. எல்லார் முன்னாடியும் சொல்லு. பயப்படாத."

சுபலட்சுமி அம்மா கையை விட்டுவிட்டு முன்னால் வந்தாள்.

"சார் சொல்லல மாமா. நான் அன்னைக்கு ஸ்கூலுக்கே வரல. இவுங்களுக்கும் சார் நகம் வெட்டுறதத்தான் சொன்னாராம்."

அழகுபாண்டி கண்ணை மூடிக்கொண்டார்.

"அப்ப யாரு தாயி சொன்னது?"

"நீங்கதான் மாமா. அப்பாகூட ராசியான பொங்கலுக்கு என்னைய வாடிவாசலுக்குத் தூக்கிட்டுப் போனீங்கள்ல. கூட்டத்துல எவன் கைய வச்சாலும் வேணாம்னு கத்து, ஓடு, பெரியவங்ககிட்டப் போய்ச் சொல்லுன்னீங்க. எவனா இருந்தாலுமான்னு கேட்டேன். 'நானா இருந்தாலும்'னு சொன்னீங்க."

விருமாண்டி மீசையை முறுக்கப் போன கையை இறக்கினார். பிறகு பன்னிரண்டு மனுவையும் நான்காக மடித்துச் சட்டைப் பையில் வைத்தார். தொண்டையைச் செருமினார்.

"காதாவது குத்திக்கிறியா தாயி?"

"யோசிச்சுச் சொல்றேன் மாமா."

இருபது இருபதாகவே நின்றது. ஆனால் அழகுபாண்டிக்கு விடிவு வந்துவிட்டது என்று நினைக்க வேண்டாம். அடுத்த வாரமே ஆபீசிலிருந்து உத்தரவு வந்தது: மாதிரிப் பாடம் நடத்திய தலைமையாசிரியர் பன்னிரண்டு பள்ளிகளுக்குப் போய் அதே பாடத்தை அதே முறையில் நடத்திக்காட்ட வேண்டும். அதைப் படித்துவிட்டு அவர் குடித்த தண்ணீருக்குச் சொம்புக் கணக்கு இல்லை.

நடந்தது இவ்வளவுதான். நம்பாதவர்களுக்காகப் பதிவேட்டைப் பார்க்கச் சொன்னேன் அல்லவா, நானும் போய்ப் பார்த்தேன். காதுகுத்து நடந்த அந்த வெள்ளிக்கிழமை, சுபலட்சுமி உட்பட இருபது பிள்ளைகளும் தலைமையாசிரியர் அழகுபாண்டியும் காலை ஒன்பது பத்திலிருந்து மாலை நாலு பத்து வரை பள்ளிக்கூடத்தை விட்டு எங்கேயும் போகவில்லை.